தங்கவயலில் நான் கழுவிய முகம்

கோலார் தங்கவயலுக்குப் பெண் பார்க்கப் போய்விட்டு வந்தேன். எப்படி இருந்தது என்று தெருவில் எல்லாரும் கேட்டார்கள். குளிர், கூட்டம், சாப்பாடு பரவாயில்லை என்று சொல்லி வாயை மூடிக்கொண்டேன். முழுசும் சொல்ல நாக்கு எழும்பவில்லை. நாக்கில் வராதது கையில் வருமா பார்ப்போம் என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான், மெதுவாகத்தான் வரும்.

எனக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம். கை கால் ஓயும்வரை உப்பளத்தில் வேலை பார்த்தேன். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. தம்பி பெண்டாட்டி ஒரு ஆண் பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். அந்தப் பிள்ளை அருளை வளர்த்தது நான். இப்போது அவனுக்குப் பெங்களூரில் வேலை. கூட வேலை பார்க்கிற தங்கவயல் பெண்ணைக் கட்ட ஆசைப்படுகிறான். ஜெனிட்டா என்று பேர். அவர்களும் நம்மைப் போல வேதக்காரர்கள்தான். "நீ வந்து பாத்து சரின்னு சொன்னாத்தான் அத்தை, இல்லைன்னா இல்ல" என்று போனில் சொன்னான். அந்தச் சொல்லை முந்தானையில் முடிந்துகொண்டுதான் ரயில் ஏறினேன். தம்பிக்குக் காலில் சுகமில்லை. அவன் வராததே நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போனால் ஆண்கள் முன்னறையில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். மாப்பிள்ளையின் அத்தை பெண்ணைப் பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போவாள். முகத்தைக் கழுவச் சொல்லி வெயிலில் நிறுத்திப் பார்ப்பாள். பவுடரும் சாந்தும் போன பிறகு மிஞ்சுகிற முகம்தான் முகம் என்பது எங்கள் கணக்கு. என் கண்ணுக்குத் தப்பாது என்று பேர் இருந்ததால், மற்ற வீட்டுக்காரர்கள்கூட என்னை அழைத்துப் போவதுண்டு. நான் போகாத வெளிநாடு இல்லை என்று சிலர் பீற்றிக்கொள்வார்களே, அது மாதிரி நான் பார்க்காத முகம் இல்லை என்று எனக்கு ஒரு எண்ணம்.

வெளிநாடு போகாதவளுக்கு வெளிமாநிலமே வெளிநாடு. பெங்களூரில் என்னை இறக்கிக்கொண்டு அருள் அடுத்த ரயிலில் ஏற்றினான். எனக்கு உட்கார இடம் கிடைத்தது, அவன் கதவோரம் போய் மாட்டிக்கொண்டான். பெயர்ப் பலகையெல்லாம் கன்னடம். ஆனால் பேச்செல்லாம் தமிழ், அதுவும் நான் கேளாத தமிழ். எதிரே ஒரு பெண் மடியில் அவரைக்காயைக் கொட்டி உரித்துக்கொண்டே வந்தாள். ஓடுகிற ரயிலில் குழம்புக்கு ஏற்பாடு நடப்பதை அன்றுதான் பார்த்தேன்.

"தங்கவயல் எப்பம்மா வரும்?" என்று கேட்டேன்.

"இதோ வந்துட்சி ஆயா, இதான்."

பக்கத்தில் நின்ற ஒருவர் விடவில்லை. "இன்னாம்மா நீ, இது கோரமண்டல். ஆயா எங்க போவணுமோ?"

"கோரமண்டல் இன்னா தங்கவயல் இல்லியா? அப்ப நாங்கல்லாம் எங்க இருக்கறோம்?"

"எல்லாமே கேஜியெஃப்தான். ஆயா, உங்களுக்கு எந்த கேஜியெஃப் வோணும்?"

அவர்கள் சண்டையை முடிக்கட்டும் என்று நான் இறங்கிவிட்டேன். வண்டி அருளைத் தூக்கிக்கொண்டு போயேவிட்டது. அந்த ஊருக்குள் மட்டும் வரிசையாகப் பல ஸ்டேஷன்கள், அதில் ஒன்றுக்குக்கூடத் தங்கவயல் என்று பேர் இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? நடைமேடையில் மூட்டையோடு நின்றேன். தூரத்தில் வெள்ளையும் சாம்பலுமாக ஒரு மேடு மலைபோல நின்றது. எங்கள் ஊர் உப்பு அம்பாரம் மாதிரியே இருந்தது. ஆனால் பக்கத்தில் லாரியும் இல்லை, வாருகிற பெண்களும் இல்லை. தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய சயனைட் மண்ணாம் அது, காற்றடித்தால் ஊருக்குள் பறக்குமாம். அருள் ஆட்டோவில் தேடி வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னான்.

ஆட்டோவில்தான் அதையும் சொன்னான். "அத்தை, ஒண்ணு சொல்லணும். அவளுக்கு வெயில் ஆகாது."

நான் சிரித்துவிட்டேன். எங்கள் அளத்தில் வெயில் ஆகாது என்று யார் சொல்வார்கள்? வேலைக்கு வளையாதவள் சொல்வாள். புதிதாகக் கல்யாணமாகி வந்தவள் சொல்வாள். கங்காணி உடனே, "அப்ப நிலாவுல வந்து வாருதியா தாயி?" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அது நோய் என்றே தோன்றாது, சாக்கு என்றுதான் தோன்றும்.

"செல்லமா வளந்த புள்ள போலருக்கு" என்றேன்.

"அப்படி இல்ல அத்தை" என்று ஏதோ ஆரம்பித்தான். ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறியது, பேச்சு விட்டுப்போயிற்று. நானும் மறுபடி கேட்கவில்லை.

தங்கியது அந்த ஊரிலேயே சாம்பியன் என்கிற பக்கம், அருளோடு அறையில் இருக்கிற பையனின் அம்மா கன்னியம்மா வீட்டில். வெள்ளைக்காரன் காலத்தில் சுரங்கத் தொழிலாளிக்குக் கட்டின வரிசை வீடுகள், லைன் என்கிறார்கள். தகரக் கூரை, தாழ்ந்த வாசல், ஒரு வீட்டில் தாளித்தால் பத்து வீட்டில் தும்மல். கன்னியம்மா என்னைவிட இளையவள், வாய் பெரியவள். வந்ததும் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் வைத்தாள். களியை மெல்லாமல் விழுங்க வேண்டுமாம். மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது, இருந்தாலும் அந்தக் களி இறங்கியது.

"எங்க வூட்டுக்காரரு வெயிலே பாக்காத ஆளுக்கா" என்றாள். "சொரங்கம் ஓடுன காலத்துல இருட்டோட ஷிப்டுக்குப் போவாரு, கேஜ்ல, அதான் லிப்டு மாதிரி, எறங்கி அடியில லெவலுக்குப் போய்டுவாரு, இருட்டினாப்புறம் வருவாரு. ஞாயித்துக்கெழம வெயில்ல பாத்தா, இது யாரு புது ஆளுன்னு எனக்கே தோணும்."

"நாங்க வெயிலைத் தவிர ஒண்ணும் பாக்காத ஆளு" என்றேன். சொல்லும்போது கழுத்து நிமிர்ந்தது. அந்த நிமிர்வுதான் மறுநாள் என்னை விழத் தள்ளியது.

மறுநாள் ஞாயிறு. மாதா கோவிலில்தான் பெண்ணை முதலில் பார்த்தேன். அருள் தூரத்திலிருந்து காட்டினான். குளிரடிக்கிற காலைப்பொழுதில் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். மணிக்கட்டுவரை கை வைத்த சட்டை. முகம் மட்டும் ஒரு மாதிரி வெளுத்து, சாம்பல் பூத்தாற்போல இருந்தது. கழுத்துக்குக் கீழே வேறு நிறம். பூசை முடியும்வரை என் கண் பீடத்தில் இல்லை. கறுப்பு எனக்குக் குறையில்லை, நானே அடுப்புக் கரி. ஆனால் மறைக்கிறது குறை என்று நினைத்தேன். பிள்ளையை ஏமாற்றப் பார்க்கிறார்கள், நான் வந்தது நல்லதாயிற்று என்று சாமிக்கு நன்றிகூடச் சொன்னேன்.

மத்தியானம் தங்கவயலிலேயே பாலகாட் என்கிற பக்கம் இருக்கிற அவர்கள் வீட்டுக்குப் போனோம். அருள், நான், துணைக்குக் கன்னியம்மா. பெண்ணின் அப்பா தினம் ரயிலில் பெங்களூர் போய் வேலை பார்த்து வருகிறவர், சத்தமே இல்லாத மனுஷன். அம்மா ரீத்தா ஓடி ஓடிக் கவனித்தாள். கேசரியும் மசால் வடையும் வந்தது. அதற்குப் பின்னால் தேங்காய்ப்பால் சோறும் உருண்டைக் கறியும் வந்தது. எங்கள் ஊரில் பெண் பார்க்கிற அன்றைக்குச் சோறு போட மாட்டார்கள், சம்மதம் ஆன பிறகுதான். இங்கே வந்தவரைச் சும்மா அனுப்புவதில்லையாம். வயிறு நிறையச் சாப்பிட்டேன். கையைக் கழுவிக்கொண்டு, "பின்வாசலைக் காட்டு தாயி" என்று பெண்ணிடம் சொன்னேன். ரீத்தா அடுப்படியில் பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் லைனுக்கே பொதுவான குழாய், துவைக்கிற கல். நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். நேர் உச்சி வெயில்.

"முகத்தைக் கழுவும்மா" என்றேன்.

அவள் முழித்தாள். "மூஞ்சியா? எதுக்கு அத்தை?"

"எங்க பக்கத்துப் பழக்கம். கழுவிட்டு இப்படி வந்து நில்லு."

"கழுவிட்டு உடனே திரும்பப் போட்டுக்கலாமா?"

"நான் பாத்த பெறவு எதை வேணும்னாலும் போடு."

"அம்மாவ ஒரு நிமிஷம் கூப்டட்டா?"

"அம்மா என்னத்துக்கு? முகம் உனக்குத்தான இருக்கு" என்றேன். குடத்தோடு நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு எனக்கு ஏறியது.

அவள் என்னையும் பார்த்தாள், முன்னறைப் பக்கமும் பார்த்தாள். பிறகு குனிந்து கழுவினாள். அருளை வளர்த்தவளை முதல் நாளே எதிர்க்கக் கூடாது என்று நினைத்தாளாம், பின்னால் சொன்னாள். இடுப்புப் பையில் வைத்திருந்த ஒரு களிம்புக் குழாயைக் கல்லின்மேல் வைத்தாள், கழுவி முடித்ததும் எடுத்துப் பூச வசதியாக. நான் அதை எடுத்தேன். "இதுதானா மேடம் மேக்கப்?" என்று துவைக்கிற கல்லில் பிதுக்கிக் காட்டினேன். வெள்ளைவெளேர் என்று வந்தது.

"பல்லு வெளக்கலாம் போலக்குது" என்று ஒருத்தி சொன்னாள்.

நானும் சிரித்தேன். இன்னும் கொஞ்சம் பிதுக்கினேன்.

முகம் கழுவின பிறகு மாநிறம், நல்ல களையான முகம். பார்த்த அந்தக் கணமே போதும் என்று உள்ளே அனுப்பியிருக்கலாம். எனக்குத்தான் அவசரம் என்பதே கிடையாதே. இடது பக்கம் திரும்பு என்றேன். வலது பக்கம் திரும்பு என்றேன். அதற்குள் ஒருத்தி, "நீங்க உப்பு வேலயாமே ஆயா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டதும் நான் ஆரம்பித்துவிட்டேன். பாத்தி எப்படிக் கட்டுவது, உப்பு எப்படி வெள்ளை பூக்கும், கண் கூசும்போது எப்படிப் பார்ப்பது. பெண் நின்றுகொண்டே இருந்தாள்.

"அத்தை, போதுமா?" என்றாள் ஒருமுறை.

"நாங்கல்லாம் விடிஞ்சதுலருந்து பொழுது சாயுற மட்டும் நிப்போம் தாயி. நீ செத்த நேரம் நிக்க மாட்டியா?"

மறுபடி "அத்தை" என்றாள், சின்னக் குரலில். நான் அம்பாரம் குவிக்கிற கதையில் இருந்தேன்.

உள்ளேயிருந்து வந்த கன்னியம்மாதான் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா, கதைய நிறுத்து. அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாரு!"

கன்னமெல்லாம் செங்கல் நிறத்தில் தடித்திருந்தது. எறும்புக் கூட்டுக்குள் முகத்தைக் கொடுத்தாற்போல நெற்றியில், மூக்கில், உதட்டோரத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்தது. ஒரு கண் பாதி மூடிவிட்டது. அவள் சொறியவில்லை. இரண்டு கையையும் இறுக்கி மூடிக்கொண்டு, நான் சொன்ன இடத்திலேயே நின்றாள்.

சத்தம் கேட்டு ரீத்தா ஓடி வந்தாள். முந்தானையால் மகள் தலையை மூடி உள்ளே இழுத்தாள். "யாரு கழுவச் சொன்னது? இன்னாக்கா பண்ணிட்டீங்க? வெயிலு பட்டா அவளுக்கு இப்டிதான் ஆவும், டாக்டரு மருந்து குடுத்துக்கினு இருக்காரு. அந்த க்ரீமுதான் அவளக் காப்பாத்துது!"

அருள் வாசலில் வந்து நின்றான். கத்துவான் என்று நினைத்தேன். "நான் சொன்னனே அத்தை" என்றான். அவ்வளவுதான். பிறகு அவனும் அவள் அப்பாவும் அவளைத் துணியால் மூடி ஆட்டோவில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். கல்லின்மேல் நான் பிதுக்கிய மருந்து வெயிலில் உருகி வடிந்துகொண்டிருந்தது.

குழாயடியில் பேச்சு மாறிவிட்டது. "அதான் எந்நேரமும் கொடையா?" என்றாள் ஒருத்தி. "நோவ வெச்சிக்கினு எப்டி மறச்சிருக்காங்க பாரு" என்றாள் பல் விளக்கலாம் என்றவள். சின்ன வயதிலிருந்து லைனில் யாருக்கும் தெரியாமல் ரீத்தா காத்து வைத்திருந்ததை, வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு நான் சந்தியில் வைத்துவிட்டேன். நான் திரும்பி நடக்கும்போது வீட்டுக்கு வீடு வாசலில் ஆள் நின்றது. தலையைக் குனிந்து நடந்து எனக்குப் பழக்கமில்லை. அன்று பழகினேன்.

திங்கட்கிழமை அருள் வேலைக்குப் போகவில்லை, என்னிடம் பேசவுமில்லை. பெண்ணுக்குத் தடிப்பு வடிந்துவிட்டது என்று கன்னியம்மாதான் கேட்டு வந்து சொன்னாள். நான் பிதுக்கிப் பாழாக்கிய மருந்தையாவது வாங்கிக் கொடுப்போம் என்று அவளைக் கூட்டிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்குப் போனேன். நல்ல கடைத்தெரு. ஒரு கடையில் தெலுங்கு, அடுத்த கடையில் உருது, எல்லாரும் எல்லாவற்றையும் பேசுகிறார்கள். எங்கள் ஊரில் தமிழ் ஒன்றை வைத்துக்கொண்டே இத்தனை சண்டை போடுகிறோம்.

மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "யாருக்கும்மா சன்ஸ்கிரீன், உங்களுக்கா?" என்றார். பக்கத்தில் நின்ற பையன்கள் இருவர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

"ஒரு புள்ளைக்கு" என்றேன்.

"முப்பதா, அம்பதா?"

"இன்னாப்பா, குண்டு பல்பா விக்கிற?" என்றாள் கன்னியம்மா.

"வெயில எவ்ளோ தடுக்குதுன்னு நம்பரும்மா அது. க்ரீமா, ஜெல்லா? எண்ண வடியற மூஞ்சியா, காஞ்ச மூஞ்சியா?"

"அழுதுனு இருக்கிற மூஞ்சிப்பா. இந்த அக்கா கைங்கரியம்."

கடைக்காரர் அடுக்கி வைத்தார். என்ன குழாய் என்று கேட்டார். வெள்ளைக் குழாய், மேலே மஞ்சளாய் ஒரு சூரியன் என்றேன். அங்கே இருந்த எல்லாக் குழாயிலும் ஒரு சூரியன் இருந்தது. எழுதியிருப்பது எல்லாம் இங்கிலீஷ். ஆயிரம் முகத்தைப் படித்தவள் என்று இருந்தவளுக்கு ஒரு குழாயைப் படிக்க முடியவில்லை. கடைசியில், இருப்பதில் விலை கூடியது எது என்று கேட்டு அதை வாங்கினேன். மூடியைத் திறந்தால் ரோஜாப்பூ வாசனை. குற்றம் பெரிசு, மருந்தும் பெரிசாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை தனியாகப் போனேன். கன்னியம்மா வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். ரீத்தா உள்ளே விட்டாள், உட்காரச் சொல்லவில்லை. ஜெனிட்டா வந்தாள். முகத்தில் ஒரு சுவடும் இல்லை, பழையபடி இருந்தது. எனக்கு உயிர் வந்தது. அதைப் பார்த்து நிம்மதிப்பட எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தோன்றியது.

குழாயை நீட்டினேன். திருப்பிப் படித்துப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். "இது எனக்கு ஆவாது அத்தை, வாசன இருக்குது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது. அவளுக்கு வாசனை கலந்தது பட்டாலே அரிக்குமாம். துத்தநாகம் சேர்ந்த மருந்துதான் தாங்குமாம். அது தோலின்மேல் திரைபோல நிற்கிறதால்தான் முகம் வெளுத்துத் தெரிகிறது. நான் மறைப்பு என்று கண்டுபிடித்தது அதைத்தான். புதுக் குழாய் வாங்கினால் முதலில் காதுக்குப் பின்னால் தடவி இரண்டு மூன்று நாள் விட்டுப் பார்ப்பாளாம். ஒன்றும் ஆகாவிட்டால்தான் முகத்துக்கு வருமாம்.

"நோவு இல்லாதவங்களும் போடலாமா?" என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டும் என்று கேட்டேன்.

"டெய்லி வெயில்ல போறவங்க எல்லாருமே போடலாம். இது உங்களுக்கு ஆவும், நீங்க வெச்சிக்கங்க. ரெண்டு வெரல் நீளத்துக்குப் பிதுக்கி, காது கழுத்து எல்லாம் சேத்துப் பூசணும். பொட்டு மாதிரி வெச்சா பிரயோஜனம் இல்ல. வெளிய போறதுக்கு முன்னாடியே போடணும். வேர்த்தா திரும்பப் போடணும்."

"எனக்கு எதுக்கும்மா? வெயில்லயே வெந்த தோலு."

அதுவரை சுவரில் சாய்ந்து நின்ற ரீத்தா வாயைத் திறந்தாள். "அளத்துல மூஞ்சிக்கு ஒண்ணுமே போட மாட்டீங்களாக்கா?"

"ஒண்ணும் கிடையாது. தலையில துண்டு கட்டி, காதையும் கன்னத்தையும் சேத்துச் சுத்திருவோம். சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை."

"எதுக்கு?"

"வெயிலு பொசுக்கிரும்லா" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

"அந்தத் துண்ட யாராச்சும் வந்து அவுத்துட்டு, நாலு பேரு சிரிக்கிறா மாதிரி வெயில்ல நில்லுன்னு சொன்னா நிப்பீங்களாக்கா? எம் பொண்ணு நின்னாக்கா."

"தப்புத்தான்" என்றேன். என் ஆயுசில் யாரிடமும் சொன்ன ஞாபகமில்லாத சொல். நின்றுகொண்டே சொன்னேன், நல்லவேளை அவர்கள் உட்காரச் சொல்லவில்லை. வரும்போது குழாயடிக்கும் போனேன். அதே பெண்கள் இருந்தார்கள். "அந்தப் புள்ளை ஒண்ணையும் மறைக்கலை. என் மருமவன்கிட்ட எல்லாம் சொல்லித்தான் இருந்திருக்கா. அவனும் என்கிட்ட சொன்னான். தெரியாம ஆடுனவ நான்தான்" என்றேன். ஒருத்தி குடத்தை நகர்த்தினாள். இன்னொருத்தி, "அத அன்னிக்கே தெரிஞ்சிக்கினு இருக்கணும் ஆயா" என்றாள். பல் விளக்கலாம் என்று சொன்ன அதே வாய். அவள் சொன்னாலும் நியாயம் நியாயம்தான்.

பெண் வீட்டுப் பதில் மட்டும் வரவில்லை. அருள் கேட்கவும் பயந்தான். என்னால் அந்தக் கல்யாணம் நின்றுபோனால் அவன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று மூட்டையைக் கட்டும்போதெல்லாம் அதே நினைப்பு.

புதன்கிழமை விடியற்காலை வண்டி. தங்கவயலே அந்த வண்டியில் ஏறிக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போகிறது. ஏறுவதற்குள் என் செருப்பு ஒன்று நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவில் விழுந்துவிட்டது. அருள் குனிந்து எடுக்கப் போனான். "விட்ரு அண்ணா, வண்டி போனப்புறம் அது தானா கெடைக்கும்" என்று யாரோ அவனைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டார்கள். ஒற்றைச் செருப்போடு பெண்கள் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே ஜெனிட்டா உட்கார்ந்திருந்தாள், அவளோடு தினம் போகிற பெண்களும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"யாருடி இவங்க?" என்று ஒருத்தி அவளிடம் கேட்டாள்.

"அருளோட அத்தை."

"யாரு, அந்த மூஞ்சி கழுவுன அத்தையா?"

அவள் ஏதாவது சொல்லி மூடுவாள் என்று எதிர்பார்த்தேன். அந்த ஆசையும் எனக்கு இருந்தது. "ஆமா" என்றாள். பிறகு ஒருத்தி பூரிப் பொட்டலத்தைப் பிரித்தாள், எல்லாரும் கை நீட்டினார்கள். எனக்கும் ஒன்று வந்தது. ஒரு வாய்கூட இறங்கவில்லை.

பங்காருப்பேட்டை தாண்டி வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. ஜெனிட்டா என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"அருள்கிட்ட இன்னிக்கு சரின்னு சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு தாயி."

"எங்க கல்யாணத்துல நலங்கு, மஞ்சத் தண்ணின்னு உங்க பக்கத்துப் பழக்கம் எது இருந்தாலும், எம் மூஞ்சிய நீங்க தொடக் கூடாது."

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணுக்கு முதல் நலங்கு வைக்கிற உரிமை மாப்பிள்ளையின் அத்தைக்குத்தான். தாயில்லாப் பிள்ளையை வளர்த்து அந்த ஒரு நாளுக்காக நான் காத்திருந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது.

"எப்பவுமேவா?" என்றேன்.

யோசித்தாள். "எப்பவும்னு சொல்லல. நானா கேக்கற வரைக்கும்."

"சரி தாயி" என்றேன்.

வெயில் சாய்வாகச் சன்னல் வழியே விழுந்தது. இரும்புக் கதவை இறக்கப் பார்த்தேன், அது துருப்பிடித்து அசையவில்லை. அவளை உள்ளே நகரச் சொல்லி நான் சன்னலோரம் மாறி, முந்தானையை விரித்து உட்கார்ந்துகொண்டேன். அவள் பையிலிருந்து புதுக் குழாயை எடுத்தாள், அவளுக்கு ஆகிற மருந்து. இரண்டு விரலில் நீளமாகப் பிதுக்கி, நெற்றியில் ஆரம்பித்து நிதானமாகப் பூசினாள். கண்ணாடி பார்க்கவில்லை, கைக்கே வழி தெரிந்திருந்தது. கழுத்து முடிந்தது, காது முடிந்தது. இடது காதுக்குக் கீழே மட்டும் பரவாமல் ஒரு திட்டு, சுண்ணாம்பு மாதிரி நின்றது.

என் கை தானாக எழும்பியது. அதைப் பிடித்து மடியில் வைத்து மற்றக் கையால் அமுக்கிக்கொண்டேன்.

"காதுக்குக் கீழ கொஞ்சம் நிக்கு தாயி."

விரலால் தேடித் தேய்த்தாள். "போச்சா?"

"இன்னும் கொஞ்சம் கீழ."

தேய்த்தாள். "இப்ப?"

"போச்சு" என்றேன்.